கெண்டை ஊசி

பிரம்மசக்தியை நான் முதன்முதலில் அளந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. உயரம் நூற்று அறுபத்தொன்பது சென்டிமீட்டர், எடை அறுபத்து நான்கு கிலோ, அதில் கொழுப்பு இருபத்தொரு சதவீதம். கையின் பின்பக்கம், இடுப்பு, தொடை என்று கிடுக்கியால் தோலைப் பிடித்து அளக்க வேண்டும். அவளுக்குக் கூச்சம் தாங்கவில்லை. சிரித்துச் சிரித்து மூன்று முறை அளவு தப்பியது.

"கறிக்கடையில ஆட்டைத் தடவிப் பாக்க மாரி இருக்கு டாக்டர்" என்றாள்.

அப்போது நான் கோயம்புத்தூரில் தென்முனை என்ற பெண்கள் ஹேண்ட்பால் அணியின் உடற்தகுதி மருத்துவராக இருந்தேன். என் பெயர் ஷர்மிளா. சக்தி உடன்குடியிலிருந்து வந்தவள். அவள் தாய் தங்கக்கனி அங்கே ஒரு அரசுப் பள்ளியில் சத்துணவு சமைப்பவர். மகள் விளையாடுவது வாலிபால் என்றுதான் ஊரில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தாய்க்கும் அதைத் திருத்தத் தெரியவில்லை. "பந்து விளையாடுதா" என்பதோடு முடித்துக்கொள்வார்.

ஹேண்ட்பாலில் ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். ஒரு மணி நேர ஆட்டம். பந்தைக் கையால் எறிந்து கோல் போட வேண்டும். பந்து கிடைத்த மறுகணம் எதிர்ப்பக்கக் கோல் வரை பாய வேண்டும், பறிபோனால் அதே வேகத்தில் திரும்பி ஓட வேண்டும். இப்படி நூறு தடவையாவது ஓடவேண்டி வரும். இடது ஓரத்தில் ஆடிய சக்தியின் முதல் பாய்ச்சலுக்கு நாட்டில் ஈடு கிடையாது. ஆனால் நான் வைத்த சோதனையில் முப்பது மீட்டர் தூரத்தை எட்டு முறை அடுத்தடுத்து ஓடச் சொன்னால் ஐந்தாவதிலேயே அவள் தொடை கனத்துவிடும், எட்டாவதில் கடைசியாக வருவாள். அதனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் கடைசிப் பத்து நிமிடம் பயிற்சியாளர் அவளை வெளியே கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவார்.

"ஆட்டமே அந்தப் பத்து நிமிசந்தான டாக்டர்" என்று ஒருநாள் என் அறைக்கு வந்து சொன்னாள். "அம்பது நிமிசம் உழைச்சிட்டு, யாரோ செயிக்கத நான் துண்டைப் போத்திக்கிட்டுப் பாக்கேன்."

அவள் உண்ணும் உணவு, தூக்கம், பயிற்சி நேரம் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். ஐந்தாவது ஓட்டம் ஆறாவதாயிற்று. அவ்வளவுதான்.

அந்த ஆண்டு இறுதியில் அணியின் மேலாளர் பரணிதரன் ஒரு புதிய சிகிச்சையைக் கொண்டுவந்தார். தசைக்குள் செலுத்தும் ஊசி. ஒரு மீனின் மரபணு அதில் இருந்தது. விதிப்புத்தகத்தில் அதற்குப் பெயரே இல்லை. பெயர் இல்லாத ஒன்றைத் தடைசெய்ய முடியாது என்பது அவருடைய வக்கீலின் கருத்து. அணியில் ஆறு பேருக்குப் போடுவதாக முடிவாயிற்று. அவர்களுக்கு விளக்கிச் சொல்லும் வேலை என்னுடையது.

சக்திக்கு நான் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

"வேகமா ஓடும்போது மூச்சுல வர்ற காத்து தசைக்குப் பத்தாது. காத்து இல்லாமலே அது சர்க்கரையை எரிக்கும். அப்போ சேர்ற கழிவாலதான் உன் தொடை எரியுது, கனக்குது. குளிர் நாட்டுல ஒரு வகைக் கெண்டை மீன் இருக்கு. குளம் மேல உறைஞ்சு போனா தண்ணிக்குள்ள காத்தே இருக்காது. ஆனா அது மாசக்கணக்கா செத்துப் போகாம இருக்கும். அந்தக் கழிவை வேற ஒண்ணா மாத்தி செவுள் வழியா வெளியே விட்டுடும்."

"என்னவா மாத்தும்?"

"ஆல்கஹாலா."

அவள் முகம் மாறியது. "சாராயமா டாக்டர்?"

"ரொம்பக் கொஞ்சம். நமக்குச் செவுள் இல்ல, மூச்சு வழியாப் போயிடும்."

"வாடை வருமா?"

"ஆட்டம் முடிஞ்சு ஒரு மணி நேரம் வரும். அதுக்கு மாத்திரை தருவோம், சீரக மிட்டாய் மாதிரி."

அவள் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். சுயம்புலிங்கம் என்று பெயர். லாரி ஓட்டியவர். குடியால் வேலை போய், வீட்டுப் பாத்திரங்கள் போய், அவளுக்குப் பதினொரு வயதிருக்கும்போது இறந்துபோனார். பள்ளிவிட்டு வந்ததும் அப்பா பக்கத்தில் போய் மோந்து பார்த்து அம்மாவுக்குக் கண்ணால் சொல்வது அவள் வேலையாம்.

"அம்மாட்ட இத சொல்லலாமா?"

"மூணு வருஷத்துக்கு யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு ஒப்பந்தம்."

"கடைசிப் பத்து நிமிசம் நிக்க முடியுமா?"

"முடியும்."

கையெழுத்துப் போட்டாள். பக்க விளைவுகள் என்ற இடத்தில் நான் வாடை, பசி என்று இரண்டை மட்டும்தான் எழுதியிருந்தேன். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இதற்கு முன் இந்த ஊசியின் சோதனையில் கலந்துகொண்டவர்கள் யாரும் இடையில் ஓட்டத்தை நிறுத்தியதில்லை. நிறுத்தினால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவும் இல்லை.

ஊசி போட்ட ஏழாம் வாரம் எட்டு ஓட்டச் சோதனையில் எட்டாவது ஓட்டமும் முதல் ஓட்டமும் ஒரே வேகத்தில் இருந்தன. என் கருவி பழுது என்று நினைத்து மறுநாள் திரும்ப வைத்தேன். அதே எண்கள்தான். அந்தப் பருவத்தில் தென்முனை பதினாறு ஆட்டங்களில் பதினான்கை வென்றது. அவற்றில் ஒன்பது, கடைசிப் பத்து நிமிடத்தில் சக்தி போட்ட கோல்களால் வந்தவை. அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். எதிரணிப் பெண்கள் முழங்காலில் கை வைத்துக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்கள், இவள் அவர்களுக்கு நடுவே சின்னப் பிள்ளை மாதிரி ஓடிக்கொண்டிருப்பாள்.

பசி நான் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. முழுக்க எரிய வேண்டிய உணவு பாதியில் ஆவியாகி வாய்வழியே போய்க்கொண்டிருந்தது. இரண்டு ஆள் சோறு சாப்பிட்டும் உடல் வற்றியது. கொழுப்பு பதினேழு, பதினான்கு, பதினொன்று என்று இறங்கியது. மாதவிடாய் நின்றது. நான் எழுதிக் கொடுத்தேன். பரணிதரன் பதினொன்று என்ற எண்ணைப் பார்த்து மகிழ்ந்தார். "இதுக்குத்தான் மத்த அணிகள் வருஷக்கணக்கா உயிரை விடுறாங்க" என்றார். மாத அறிக்கையின் கடைசிக் கட்டத்தில் ஒரு சொல் எழுத வேண்டும். நான் 'சிறப்பு' என்று எழுதினேன்.

இன்னொன்றும் என் கண்ணில் பட்டது. ஞாயிற்றுக்கிழமை பயிற்சி கிடையாது. அன்று அந்த ஆறு பேரும் எரிந்து விழுவார்கள், தட்டைத் தள்ளுவார்கள். சாயங்காலத்துக்குள் ஒவ்வொருவராகத் தாங்களாகவே ஆடுதளத்துக்குப் போய் மூச்சுமுட்ட ஓடிவிட்டு அமைதியாகத் திரும்பி வருவார்கள். அதை 'ஆர்வம்' என்று குறித்து வைத்தேன்.

மதுரையில் அரையிறுதி நடந்தபோது தங்கக்கனியை அணியே வரவழைத்தது. மகள் ஆடுவதை அவர் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நீலப் புடவை கட்டி, மடியில் ஒரு எவர்சில்வர் தூக்குடன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆட்டத்தைக் கவனிக்காமல், மகள் கீழே விழும்போதெல்லாம் எழுந்து நிற்பதும் உட்காருவதுமாக இருந்தார். ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் வெற்றி. மணி அடித்ததும் சக்தி எல்லோரையும் விட்டுவிட்டு அம்மாவிடம் ஓடினாள். மாத்திரையை மறந்துவிட்டாள். நானும் மறந்துவிட்டேன்.

கட்டிப்பிடித்த தாயின் கைகள் மெல்லத் தளர்வதை நான் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தேன்.

"ஊதுட்டி" என்றார் தங்கக்கனி. சத்தம் போடவில்லை.

"யம்மா..."

"ஊது."

சக்தி என்னைப் பார்த்தாள். என் பக்கத்தில் பரணிதரன் நின்றுகொண்டிருந்தார். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நான் கையிலிருந்த அட்டையைப் பார்த்தேன், அதில் இருந்த எண்களைப் படிப்பதுபோல. அவள் அம்மா முகத்துக்கு நேராக ஊதினாள்.

தங்கக்கனி தூக்கை நாற்காலியில் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு நடந்தார். தூக்குக்குள் இருந்த புளிச்சோற்றையும் பொரித்த மீனையும் அன்று பேருந்தில் யாரும் தொடவில்லை. சக்தி மட்டும் முழுவதையும் தின்றாள். பசி அவளை விடாது.

அதற்குப் பிறகு பதினான்கு மாதங்கள் தாய் மகளிடம் பேசவில்லை. விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் சோறு வைப்பார், துணி துவைத்துப் போடுவார். பேச்சு மட்டும் கிடையாது. சக்திக்கோ வீட்டில் இரண்டு நாள் சும்மா இருக்க முடியவில்லை. விடிந்ததும் உடன்குடிக்குப் பக்கத்திலுள்ள தேரிக்காட்டுக்குப் போய், கால் புதையும் செம்மணலில் மேடு மேடாக ஏறி ஓடுவாள். திரும்பி வரும்போது வாடையோடு வருவாள்.

"அம்மா தேரில போயி பாட்டில் தேடுதா டாக்டர்" என்று ஒருமுறை வந்து சொன்னாள். "மண்ணைக் கையால பறிச்சிப் பறிச்சித் தேடிருக்கா. மேக்க ஆடு மேய்க்கவர் பாத்துட்டு எங்கிட்ட சொன்னாரு. நான் எங்கயோ பொதைச்சி வச்சிருக்கேன்னு நெனைக்கா."

"இன்னும் பத்து மாசம்தான் சக்தி. ஒப்பந்தம் முடிஞ்சதும் நானே வந்து சொல்றேன்."

"நீங்க சொன்னா நம்புவா. நீங்க டாக்டர்லா" என்றாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. அவள் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள்.

ஒரு சனிக்கிழமை ஆட்டத்தில் எதிரணிப் பெண் ஒருத்தியின் மேல் மோதாமலிருக்கக் காற்றிலேயே திரும்பியபோது சக்தியின் இடது முழங்கால் பிசகியது. தசைநார் அறுந்துவிட்டது. கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் திங்கட்கிழமை காலை அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது. அடுத்த ஆட்டத்துக்காக அணி அன்றே புவனேசுவரத்துக்குக் கிளம்பியது. நானும் போனேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"டாக்டர், அம்மா வந்திருக்கா. பேசுதா."

"நல்லது சக்தி. கால் எப்படி இருக்கு?"

"கால் நல்லாருக்கு. கைதான் ஆடுது. டம்ளரைப் பிடிக்க முடியல. வேர்த்து ஊத்துது. போர்வை மேலெல்லாம் கட்டெறும்பு ஊருது, அம்மாட்ட சொன்னேன். அவ ஒண்ணும் சொல்லாம தட்டித் தட்டி விட்டுக்கிட்டே இருக்கா."

"எறும்பா?"

"ஆமா. இங்க வேற யாருக்கும் தெரியல."

தொலைபேசியை வைத்த பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் என் நினைவுக்கு வந்தன. இரண்டு ஆண்டுகளாக ஒரு நாள் தவறாமல் சாராயம் ஓடிய உடம்பு. சனிக்கிழமையோடு அது நின்றுவிட்டது. பெருங்குடிகாரர் திடீரென்று நிறுத்தினால் மூன்றாம் நாள் நான்காம் நாள் என்ன நடக்கும் என்பது எந்த மருத்துவ மாணவருக்கும் தெரியும். வலிப்பு வரும், இதயம் தடுமாறும். கொழுப்பு ஒன்பது சதவீதத்துக்கு இறங்கிவிட்ட உடம்பில் தாங்கிக்கொள்ள எந்தச் சேமிப்பும் கிடையாது.

பரணிதரனிடம் போனேன். அவர் முகம் வெளுத்தது. கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. பயந்த மனிதர்.

"வக்கீலைக் கேட்டுட்டுச் சொல்றேன். காலையில பேசிடலாம். அதுவரைக்கும் ஆஸ்பத்திரிக்கு நீங்க எதுவும் சொல்ல வேண்டாம் டாக்டர். ஆறு பொண்ணுங்களோட வாழ்க்கை இது. உங்க லைசென்ஸும்தான்."

நான் காத்திருந்தேன். அவ்வளவு பெரிய மருத்துவமனையில் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லைசென்ஸ் என்ற சொல்தான் என்னைக் கட்டிப்போட்டது. இதை எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன், வேறு காரணம் வரவில்லை.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு அனுமதி வந்தது. மருத்துவமனைக்குக் கூப்பிட்டேன். ஒன்பது நாற்பதுக்கு அவள் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

அங்கே நடந்ததைப் பிறகு தெரிந்துகொண்டேன். நடுக்கத்தைக் கண்டு மருத்துவர்கள் அவளிடம் குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றாள். தாய் தனியாக வந்து உண்டு என்று சொன்னார். ரத்தத்தைச் சோதித்தார்கள். துளி ஆல்கஹால் இல்லை. ஓடாத உடம்பில் எப்படி இருக்கும்? பழைய ரத்தப் பரிசோதனைகளும் சுத்தமாக இருந்தன, அவை ஓய்வு நாட்களில் நான் எடுத்தவை. மகளையும் கருவியையும் நம்பி, தொற்றுக் காய்ச்சல் என்று மருந்து கொடுத்தார்கள். காலையில் அடுத்தடுத்து இரண்டு முறை வலிப்பு வந்திருக்கிறது.

உடலை எடுத்துப் போன பிறகு கட்டிலைச் சுத்தம் செய்த பெண், மெத்தைக்கு அடியிலிருந்து ஒரு குவாட்டர் பிராந்தி பாட்டிலை எடுத்தாள். மூடி திறந்திருந்தது. இரண்டு நாளில் செய்தி எல்லா இடத்துக்கும் பரவியது. நட்சத்திர வீராங்கனையின் ரகசியக் குடி என்று எழுதினார்கள். தகப்பனும் அப்படிச் செத்தவர்தான் என்பதையும் யாரோ தேடிப் பிடித்தார்கள். அணி நிர்வாகம் வருத்தம் தெரிவித்து நான்கு வரி அறிக்கை விட்டது. அதற்கு மேல் அவர்கள் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

மற்ற ஐந்து பெண்களை நான் ஒருவர் ஒருவராகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர்களை மருத்துவமனையில் சேர்த்து, மருந்தின் துணையோடு மெல்ல மெல்ல ஓட்டத்தை நிறுத்த வைத்தோம். ஐவரும் உயிரோடு இருக்கிறார்கள். லீக் நிர்வாகத்துக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். விசாரணை இன்னும் முடியவில்லை. என் வேலை அன்றே போயிற்று, அது போக வேண்டியதுதான்.

சக்தி இறந்த ஏழாம் வாரம் உடன்குடிக்குப் போனேன்.

தங்கக்கனி வேலைக்குத் திரும்பியிருந்தார். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து வகுப்புக்குப் போயிருந்தார்கள். சமையல்கூடத்தில் தனியாகப் பெரிய அண்டாவைச் சாய்த்து வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. எழுந்து ஒரு பலகையை எடுத்துப் போட்டார்.

"இரிங்க டாக்டரம்மா. தண்ணி குடிக்கீங்களா?"

"வேண்டாம்மா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். உங்க பொண்ணு ஒரு நாளும் குடிச்சதில்ல."

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுதாவ, எம் மனசு ஆறதுக்கு. நான் மோந்து பாத்தவ."

மீனைப் பற்றியும் ஊசியைப் பற்றியும் சொன்னேன். எவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு சுருக்கமாக. ஓடினால் வாடை வரும், ஓடாவிட்டால் வராது. அவள் தேரியில் ஓடியதும் அதனால்தான். அவர் கை மெல்ல நின்றது.

"மதுரையில நீங்க அங்கனதான நின்னீங்க?"

"ஆமா."

"ஊதச் சொன்னப்ப அவ உங்களத்தான் பாத்தா."

"ஆமாம்மா."

"நான் என்ன நெனைச்சேன் தெரியுமா? டாக்டர் முன்னால மானம் போகுதேன்னு பாக்கான்னு நெனைச்சேன்."

மன்னிப்புக் கேட்க வந்தவள் நான். அந்தச் சொல்லைச் சொல்ல வாய் வரவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை. அண்டாவிலிருந்த தண்ணீரைச் சாய்த்து ஊற்றிவிட்டு, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அந்த பாட்டில் அவளுதில்ல" என்றார். "நான் வாங்குனது."

நானும் பலகையிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தேன்.

"அவ அப்பாவக் குடிய நிப்பாட்டணும்னு நான்தான் உள்ள போட்டுப் பூட்டுனேன். மூணு நாளு. கை ஆடுச்சு, பூச்சி ஊருதுன்னாரு, நடிக்காருன்னு நெனைச்சேன். நாலாம் நாளு போயிட்டாரு. பொறவு ஆஸ்பத்திரில சொன்னாவ, குடிகாரனுக்கு ஒரேயடியா நிப்பாட்டக் கூடாது, கொஞ்சங் கொஞ்சமாத்தான் கொறைக்கணும்னு. சக்திக்கு இது தெரியாது. அப்பாவுக்கு நெஞ்சுவலின்னு சொல்லி வச்சிருந்தேன்."

வெளியே வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது. அவர் குரல் அதைவிடத் தாழ்ந்திருந்தது.

"எறும்பு ஊருதுன்னு எம்புள்ள சொன்னதும் எனக்குத் தெரிஞ்சிட்டு. டாக்டர்மார்ட்ட சொன்னேன், ரத்தத்துல ஒண்ணும் இல்லைன்னுட்டாவ. பிராந்திக்கடை எங்கன்னு விசாரிச்சிட்டு அன்னைக்குச் சாயந்திரமே ஓடுனேன். ஆம்பளையாள்க வரிசையில நின்னேன் டாக்டரம்மா. எப்பிடிக் கேக்கணும்னுகூடத் தெரியல. மடியில மறைச்சிக் கொண்டாந்து, டம்ளர்ல ஊத்தி, தண்ணி கலந்து, வாய்கிட்ட கொண்டு போனேன். 'ஒரு மடக்கு குடிட்டி, நான் கோவிக்க மாட்டேன், உயிரு நிக்கட்டும்'னேன்."

"குடிச்சாளா?"

"பல்லைக் கடிச்சிக்கிட்டா. 'நான் குடிச்சதே இல்லம்மா, இப்பயும் குடிக்க மாட்டேன், நீ என்னைய நம்பு'ன்னா. அவ அப்பாவும் இதையேதான சொல்லுவாரு. மூக்கைப் பிடிச்சு ஊத்தப் போனேன். அந்த நடுக்கத்துலயும் டம்ளரைத் தட்டி விட்டுட்டா. நைட்டி பூரா ஊத்திட்டு. 'ஊதிக் காட்டுதேன் பாரு'ன்னு சொல்லி ஊதுனா. நான் மூஞ்சைத் திருப்பிக்கிட்டேன்."

அதன் பிறகு அவர் என்னிடம் கேட்டார். நான் வரும் வழியெல்லாம் எதிர்பார்த்த கேள்விகளில் அது இல்லை.

"அது மருந்தா டாக்டரம்மா? ஒரு மடக்கு உள்ள போயிருந்தா நின்னுருப்பாளா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இரண்டு முறை வாயை மூடிக்கொண்டது எனக்காக. இந்த முறை மூடினால் அது அவருக்காக. ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடிகாரனோடு பத்துப் பன்னிரண்டு வருடம் வாழ்ந்த பெண்ணிடம் பொய் நிற்காது.

"பிழைச்சிருக்கலாம்மா. அந்த ஆஸ்பத்திரியில அவளுக்குச் சரியான வைத்தியம் செய்யப் பார்த்தது நீங்க ஒருத்தர்தான்."

அவர் அழவில்லை. முழங்காலில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். பிறகு, "பாவி மவ" என்றார். "வாயைத் தெறக்கலையே. பாவி மவ, கடைசி வரைக்கும் வாயைத் தெறக்கலையே."

அதில் துக்கம் எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. எதையும் அளக்கும் தகுதி எனக்கு அப்போது இல்லை.

அவர் எழுந்தார். அலமாரியிலிருந்த அரிசிக் கணக்கு எழுதும் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என்னிடம் நீட்டினார்.

"சொன்னத எழுதிக் குடுங்க. எம்புள்ள குடிச்சதில்லைன்னு. கையெழுத்துப் போட்டு, டாக்டர்னு போட்டுக் குடுங்க."

எழுதினேன். சுயம்புலிங்கம், தங்கக்கனி ஆகியோரின் மகள் பிரம்மசக்தி தன் வாழ்நாளில் ஒரு துளி மதுவும் அருந்தியதில்லை. அவளது மூச்சில் வந்த வாடை, அணி செலுத்திய ஊசியால் அவள் உடம்பு தானாகச் செய்தது. இது எனக்கு முதலிலிருந்தே தெரியும். தெரிந்தும் நான் சொல்லவில்லை. ஷர்மிளா, மருத்துவர்.

தங்கக்கனிக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். தாளை எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து தலைமையாசிரியை அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அங்கே இரண்டு ஆசிரியைகளும், இன்னொரு சமையல்காரப் பெண்ணும், ஏதோ சான்றிதழுக்காக வந்திருந்த மூன்று தாய்மார்களும் இருந்தார்கள். எல்லோருக்கும் செய்தி தெரியும் என்பது அவர்கள் பேச்சை நிறுத்திய விதத்திலேயே தெரிந்தது.

"டீச்சர், இத சத்தமா வாசிங்க" என்றார்.

தலைமையாசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். கடைசி வரி வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனியவில்லை. தங்கக்கனி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னொருக்கா வாசிங்க டீச்சர்" என்றார். "பேரைக் கொஞ்சம் நிறுத்தி வாசிங்க."